காட்டுவோர் யார்? காட்டப்படுவோர் யார்?

நாடுகளுக்கிடையே நட்புப் பாலம் அமைத்திடக் கலைக் கண்காட்சியே கைகண்ட மருந்து என்று பேசுகின்றனர். ஓவியங்கள் கடல் கடக்கின்றன. சிற்பங்கள் விமானம் ஏறுகின்றன. நிழற்படங்கள் நகரம் நகரமாகச் சுற்றி வருகின்றன. அமைச்சர்கள் திறந்து வைக்கிறார்கள், தூதுவர்கள் கைகுலுக்குகிறார்கள், மனித குலம் ஒன்றே என்று மாலையில் சொற்பொழிவும் நடந்தேறுகிறது. மறுநாள் காலையில், ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரைப் பற்றி முன்பு என்ன எண்ணிக் கொண்டிருந்தார்களோ, அதையே எண்ணிக் கொண்டு அவரவர் வேலைக்குப் போகிறார்கள்!

கண்காட்சியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். நூல் படிக்க நேரமில்லாதவனும், எழுத்தே அறியாதவனும் காட்சியைக் கண்டு கருத்தைக் கொள்ள முடியும். அந்த ஆற்றல் பெரிது. பெரிது என்பதாலேயே ஆபத்தும் பெரிது. கண்காட்சி, கண்ணைத் திறக்கும் கருவியாகவும் அமையும். கண்ணைக் கட்டும் துணியாகவும் அமையும். எப்போது எதுவாகிறது என்று ஆராய்ந்து சொல்வதன்றோ பகுத்தறிவாளர் கடமை! ஆகவே, எந்தக் கண்காட்சியின் வாயிலிலே நின்றாலும் மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். காட்டுகிறவர் யார்? காட்டப்படுகிறவர் யார்? காட்டாமல் மறைக்கப்பட்டது எது?

இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு இரண்டு பெரிய கண்காட்சிகளை உரசிப் பார்த்திட விழைகிறோம். ஒன்று, 1900 இல் பாரிசு மாநகரிலே அமெரிக்கக் கறுப்பின மக்கள் தாமே அமைத்த கண்காட்சி. மற்றொன்று, 1955 இல் நியூயார்க் நகரிலே தொடங்கி உலகையே வலம் வந்த 'மனிதக் குடும்பம்' எனும் நிழற்படக் கண்காட்சி. இரண்டும் மக்களிடையே மண்டிய தப்பெண்ணங்களைத் தகர்த்திடவே பிறந்தன. ஒன்று ஏழையின் முயற்சி. மற்றொன்று செல்வரின் பெருமுயற்சி. எது எதைச் சாதித்தது? பார்ப்போம்.

மனிதனையே காட்சிப் பொருளாக்கிய காலம்

முதலில், அந்நாளில் ஐரோப்பாவிலே 'கண்காட்சி' என்றால் என்ன பொருள் என்று தெரிந்து கொள்ள வேண்டும். செர்மனியின் ஆம்பர்க் நகரிலே கார்ல் ஆகன்பெக் என்றொரு விலங்கு வணிகர். யானையும் சிறுத்தையும் விற்று வந்தவர், 1870-களில் மனிதர்களையே கொண்டுவந்து காட்டத் தொடங்கினார். வடதுருவப் பகுதி மக்கள் வந்தனர், ஆப்பிரிக்கர் வந்தனர், இலங்கைத் தீவிலிருந்தும் மக்களை அழைத்து வந்து, யானைகளோடு நிறுத்தி, சீட்டு விற்றார். கூட்டம் அலைமோதிற்று. 'காட்டுமிராண்டிகள் எப்படி வாழ்கிறார்கள் பாருங்கள்' என்று தந்தை குழந்தைக்குச் சுட்டிக் காட்டினான். குழந்தை கற்றுக் கொண்டது. அந்தப் பாடத்தை அது முதுமை வரை மறக்கவில்லை.

1906 இல் நியூயார்க் விலங்குச்சாலையிலே, காங்கோ நாட்டு இளைஞர் ஓட்டா பெங்கா குரங்குக் கூடத்திலே நிறுத்தப்பட்டார். கறுப்பினப் பாதிரிமார்கள் கொதித்தெழுந்த பின்னரே அவர் வெளியே வந்தார். பத்தாண்டு கழித்துத் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். இது பழங்கதை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். 1958 இல், பிரசல்சு உலகப் பொருட்காட்சியிலே காங்கோ மக்களை வேலிக்குள் அமர்த்திக் 'கிராமம்' காட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்த 'நாகரிகர்', அவர்கள் மீது வாழைப்பழம் வீசினர். விண்ணிலே செயற்கைத் துணைக்கோள் சுழன்ற பிறகு, மண்ணிலே நடந்த கூத்து இது!

ஆக, ஒரு சமுதாயம் மற்றொரு சமுதாயத்தைப் பற்றிக் கொண்ட தப்பெண்ணம் தானாக முளைத்ததன்று. அது காட்டப்பட்டது, சீட்டு விற்றுக் காட்டப்பட்டது. கண்காட்சியே அச்சாக இருந்து அந்த எண்ணத்தை வார்த்துக் கொடுத்தது. அந்த அச்சை உடைத்திட மற்றொரு கண்காட்சியாலே முடியுமா என்பதே கேள்வி.

கோடும் வண்ணமும் பேசிய கணக்கு

1899, ஏப்ரல் திங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலே சாம் ஓசு என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளையர் கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. அட்லாண்டா பல்கலைக்கழகத்திலே சமூகவியல் பேராசிரியராக இருந்த டு பாய்ஸ், அக்கொடுமையைப் பற்றி நிதானமாக எழுதிய மடல் ஒன்றை எடுத்துக் கொண்டு, நாளேட்டு அலுவலகம் நோக்கி நடந்தார். வழியிலே ஒரு செய்தி அவர் காதில் விழுந்தது. கொல்லப்பட்டவனின் விரல் மூட்டு எலும்புகள், அதே தெருவிலே சற்றுத் தொலைவில் உள்ள மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்பதே அச்செய்தி. அவர் மேலே நடக்கவில்லை; திரும்பி விட்டார்.

காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன! அச்சொல்லை ஊன்றிக் கவனியுங்கள், தோழர்களே. அதுவும் ஒரு கண்காட்சிதான். நீ யார், நான் யார் என்று ஓர் இனம் மற்றோர் இனத்துக்கு அறிவித்த கண்காட்சி.

அந்த ஆண்டின் இறுதியிலே டு பாய்ஸ் அவர்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. 1900 இல் பாரிசிலே உலகப் பொருட்காட்சி நடக்கவிருக்கிறது; அங்கே அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையைக் காட்டிட ஓர் இடம் கிடைத்திருக்கிறது; அதற்கு உதவ வேண்டும் என்று அவருடைய கல்லூரித் தோழர் தாமஸ் காலவே கேட்டார். அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் 15,000 டாலர். கையிலிருந்த காலம் சில திங்கள். கருவி? பல்கலைக்கழக மாணவர்கள், மை, தூரிகை, வண்ணம், அளவுகோல். அவ்வளவே.

அவர்கள் தீட்டியவை அறுபதுக்கு மேற்பட்ட புள்ளிவிவரப் படங்கள். இன்று அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலே பாதுகாக்கப்படுகின்றன. 2018 இல் நூலாகவும் வெளிவந்தன. கரும்பலகையிலே கோடு போட்டுக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வியந்தோம். புள்ளிவிவரம் வறண்டது, உயிரற்றது என்போர் இவற்றைக் காண வேண்டும்.

ஒரு படத்திலே, கரிய மலை ஒன்று தாளை அடைத்துக் கொண்டு நிற்கிறது. அது அடிமைகளின் தொகை. மலை முகட்டிலே மெல்லிய பச்சைக் கீற்று. அது உரிமை பெற்றோரின் தொகை. 1860 இல் அடிமைகள் 89 விழுக்காடு. உரிமையுடையோர் 11 விழுக்காடு. 1870 வந்ததும், மலை செங்குத்தாகச் சரிந்து, பச்சை மட்டுமே எஞ்சுகிறது. ஓர் உள்நாட்டுப் போரையும், ஓர் இனத்தின் விடுதலையையும் ஒரே பார்வையிலே காட்டுகிறது அந்தத் தாள். இதைக் கலை என்று சொல்லாமல் வேறு எதைக் கலை என்பது?

மற்றொரு படம் ஜார்ஜியாவின் கறுப்பின மக்களில் எழுத்தறியாதோர் தொகையைக் கூறுகிறது. 1860 இல் 99 விழுக்காடு. 1870 இல் 92.1, 1880 இல் 81.6, 1890 இல் 67.27. அடுத்து 1900. அந்த ஆண்டின் கணக்கு இன்னும் வெளிவரவில்லை. ஆகவே 50 என்று எழுதி, அருகிலே ஒரு கேள்விக்குறியும் இட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குறியின் முன் நாம் தலை வணங்குகிறோம்! தம் இனத்தின் பெருமையைப் பாரறியச் சொல்ல வந்த இடத்திலே, தெரியாததைத் தெரியாது என்று குறித்த நேர்மை அது. 'இவர்களுக்குச் சிந்திக்கத் தெரியாது' என்று ஏசியவர்களுக்கு, அந்த ஒரு குறியே போதுமான விடை.

1860 இல் அம்மாநிலப் பொதுப்பள்ளிகளிலே பயின்ற கறுப்பினக் குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? ஏழே பேர். 1897 இல் 1,80,565 பேர். வேறு நாடுகளோடு ஒப்பிடும் படமும் உண்டு. ருசியா, செர்பியா, ருமேனியா ஆகிய நாடுகளைக் காட்டிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே கல்லாதார் குறைவு என்று அது காட்டிற்று. பாரிசுக்கு வந்த ஐரோப்பியர் அதன் முன் நின்றபோது, தம் அண்டை வீட்டைப் பற்றியும் சற்றே எண்ணிப் பார்த்திருப்பார்கள். இழிந்தோர், உயர்ந்தோர் என்ற கணக்கு தோலிலே இல்லை. பள்ளிக்கூடம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதிலே இருக்கிறது என்பதை வண்ணக் கோடுகள் வாய்விட்டுக் கூறின.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம்மை நிறுத்தி வைத்த படம் ஒன்று உண்டு. நகரங்களிலே கறுப்பின மக்கள் சேர்த்த சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் ஏறியும் இறங்கியும் சென்றதைக் காட்டும் படம் அது. கோடு ஏறுகிறது, தயங்குகிறது, சரிகிறது. அந்தக் கோட்டின் ஓரமாகச் சில சொற்களை எழுதி வைத்தார்கள். கூ கிளக்சு கும்பலின் கொடுமை, அரசியல் குழப்பம், கும்பல் கொலை, பண நெருக்கடி, வாக்குரிமைப் பறிப்பு. 'உழைத்தால் உயரலாமே, ஏன் உயரவில்லை?' என்று கேட்பவனுக்கு, உயர்ந்தபோது இடித்தவர் யார் என்பதை அந்த ஓரச் சொற்கள் சுட்டிக் காட்டின. அரசுப் பணத்திலே அமைந்த கண்காட்சி. எனினும், அரசு கேட்க விரும்பாத சொல்லை அவர்கள் அழிக்கவில்லை. ஜார்ஜியாவிலே கறுப்பின மக்களை ஒடுக்கிட இயற்றப்பட்ட சட்டங்கள் அனைத்தையும் கையால் படியெடுத்து, அவற்றையும் கூடவே வைத்தார்கள். சாதனையும் இருந்தது; சங்கிலியும் இருந்தது.

ஆடையும் அடையாளமும்

புள்ளிவிவரத்தோடு 363 நிழற்படங்களும் தொகுதிகளாக வைக்கப்பட்டிருந்தன. மாணவர், மருத்துவர், கடைக்காரர், பாடகர், தாயும் சேயும், வீடும் வீதியும். பெரும்பாலானோர் நல்லுடை அணிந்து, நிமிர்ந்து அமர்ந்து, நம்மை நேருக்கு நேர் நோக்குகின்றனர்.

இங்கே நமக்கு ஒரு மாறுபாடு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பருத்தி வயலிலே முதுகொடிய உழைத்த பெருங்கூட்டம் இத்தொகுதிகளிலே பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. மாநிலத்தின் கறுப்பின மக்களில் 7,34,952 பேர் நாட்டுப்புறத்திலும் சிற்றூர்களிலும் வாழ்ந்தனர் என்று அவர்களின் படம் ஒன்றே சொல்கிறது. அந்தக் கூட்டத்தைச் செந்நிறச் சுருளாகச் சுற்றிச் சுற்றி வரைந்த கை, நிழற்படம் என்று வந்தபோது, நகரத்து நடுத்தர வீட்டையே அதிகம் நாடிற்று. கழுத்துப்பட்டையும் தொப்பியும் அணிந்தால்தான் மனிதன் மதிக்கத் தக்கவன் என்ற எண்ணம், ஆள்வோர் வகுத்த எண்ணமல்லவா? 'நாங்களும் உங்களைப் போலவே' என்று மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் ஒடுக்கப்பட்டோர் தலையிலே ஏன் விழ வேண்டும்? மேலும், படத்திலுள்ள எவருக்கும் பெயர் இல்லை. பல முகங்களை நேரே ஒரு முறையும், பக்கவாட்டில் ஒரு முறையும் பிடித்திருக்கிறார்கள். அந்நாளைய இன ஆராய்ச்சியாளரும் காவல் துறையும் முகம் பிடித்த முறை அது.

ஆயினும் தீர்ப்புக் கூறுமுன், அப்படங்கள் எங்கே நின்றன என்பதை நினைந்து பார்த்திட வேண்டும். அதே பொருட்காட்சியின் மற்றொரு பகுதியிலே, ஆப்பிரிக்கரைக் குடிசைகளோடு கொண்டுவந்து நிறுத்திக் 'குடியேற்ற நாட்டுக் கிராமம்' காட்டிக் கொண்டிருந்தனர். அங்கே, வேடிக்கை பார்க்கப்படும் உடல். இங்கே, உற்றுப் பார்க்கும் கண். அங்கே, பேசாதவர், இங்கே, தம் கணக்கைத் தாமே எழுதி வந்து எதிரில் வைத்தவர். குற்றவாளி முகம் பிடித்த அதே முறையிலே, மருத்துவரும் மாணவியும் நிமிர்ந்து அமர்ந்து, 'இம்முறையில் பிடித்தால் இழிந்தவன் முகம்தான் வரும் என்றீரே, எங்கே அது?' என்று கேட்கிறார்கள். குறை உண்டு, ஆனால், காட்டியவரும் காட்டப்பட்டவரும் ஒருவரே என்ற ஒரு செய்தியிலே, அந்தக் குறையை விஞ்சிய நிறை இருக்கிறது.

டு பாய்ஸ் கையிலே காசில்லாமல், கப்பலின் அடித்தட்டிலே பயணம் செய்து பாரிசு சேர்ந்தார். பொருட்காட்சிக்கு வந்தோர் தொகை ஏறத்தாழ 5 கோடி. அவருடைய உழைப்புக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. பிறகு? பதக்கம் பாரிசிலே, கயிறு ஜார்ஜியாவிலே! 1906 இல் அட்லாண்டா நகரின் தெருக்களிலேயே கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வேட்டையாடப்பட்டனர். 1908 இல் அம்மாநிலம் அவர்களின் வாக்குரிமையைச் சட்டத்தாலேயே பறித்தது. உண்மையை எடுத்துச் சொன்னால் போதும், உலகம் திருந்திவிடும் என்ற நம்பிக்கை டு பாய்ஸ் அவர்களுக்கே தளர்ந்தது. 1910 இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, இயக்க இதழின் ஆசிரியரானார்.

எனவே கண்காட்சியாலே பயனில்லை என்பதா? அல்ல. கண்காட்சி, சான்று, சான்று மட்டுமே தீர்ப்பாகாது. வழக்காடுவோர் வேண்டும், வீதியிலே திரள்வோர் வேண்டும். ஆனால், சான்றே இல்லாத வழக்கு எந்த மன்றத்திலே நிற்கும்?

ஒரே குடும்பமாம்! யாருடைய வீட்டிலே?

இனி, இரண்டாவது கண்காட்சிக்கு வருவோம். நிழற்படக் கலைஞர் எட்வர்டு ஸ்டைக்கன், நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலையிலே 1955 சனவரி 24 ஆம் நாள் திறந்து வைத்தது 'மனிதக் குடும்பம்'. வந்து குவிந்த படங்களினின்று அவர் தேர்ந்தெடுத்தவை 503, எடுத்தோர் 273 பேர், நாடுகள் 68. காதல், திருமணம், பிறப்பு, விளையாட்டு, உழைப்பு, உணவு, நோவு, சாவு என்று மனித வாழ்வு முழுவதையும் வரிசையாக்கினார். கறுத்த தாயும் வெளுத்த தாயும் ஒரே வகையாகவே குழந்தையைக் கொஞ்சுகின்றனர். எல்லா நாட்டுச் சிறுவரும் கைகோத்து வட்டமாடுகின்றனர். இட்லர் மூட்டிய இனவெறித் தீயின் சாம்பல் ஆறாத காலம். அணுகுண்டு அச்சம் உலகின் நெஞ்சை அழுத்திய காலம். அந்நாளிலே, 'நாம் ஒருவரே' என்று கூறியது சிறிய செயலன்று. அமெரிக்க அரசின் செய்தித்துறை அதைப் பல படிகளாக்கி நாடு நாடாக அனுப்பிற்று. இந்தியாவுக்கும் வந்தது. கண்டோர் தொகை 90 இலட்சம் என்பர். இன்று அது ஸ்டைக்கன் பிறந்த நாடாகிய இலக்சம்பர்க்கிலே, கிளெர்வோ கோட்டையிலே நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது.

நூல் வடிவிலே அப்படங்களைப் பார்த்திடும்போது நெஞ்சு நெகிழ்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால், நெகிழ்ந்த நெஞ்சு நெடுநேரம் சிந்திப்பதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

பிறக்கிறோம், இறக்கிறோம் என்பது மெய். ஆனால் எப்படிப் பிறக்கிறோம்? எதனால் இறக்கிறோம்? உழைக்கிறோம் என்பது மெய். யாருக்காக உழைக்கிறோம்? சுரங்கத் தொழிலாளியும் உழைக்கிறான். சுரங்க முதலாளியும் உழைப்பதாகத்தான் சொல்கிறான். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, 'உழைப்பு' என்று தலைப்பிட்டுவிட்டால், கூலி எங்கே போயிற்று? கண்காட்சி பாரிசுக்குச் சென்றபோது பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் இந்த ஓட்டையைத்தான் சுட்டிக் காட்டினார். வரலாற்றை உருவி எடுத்துவிட்டு, எல்லாம் இயற்கை என்று காட்டுகிறது இக்கண்காட்சி என்றார். கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெரிய குடும்பத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று, எனவும் எழுதினார்.

நம் மூன்றாவது கேள்விக்கு, மறைக்கப்பட்டது எது என்ற கேள்விக்கு, இங்கே கிடைக்கும் விடை கசப்பானது. தொடக்கத்திலே, மரத்தோடு பிணைக்கப்பட்டுக் கும்பலாலே கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவரின் படமும் அங்கே இடம் பெற்றிருந்தது. சில வாரங்களுக்குள் அது அகற்றப்பட்டது. பார்வையாளர்கள் அதன் முன்னே தேங்கி நிற்கிறார்களாம். கண்காட்சியின் ஓட்டம் தடைப்படுகிறதாம்! எந்த இடத்திலே மக்கள் நின்று சிந்தித்தார்களோ, அந்த இடத்தையே அகற்றினார்கள். அரைநூற்றாண்டுக்கு முன், ஏழை மாணவர்கள் கோட்டின் ஓரத்திலே எழுதி வைத்த சொல் இருந்ததல்லவா, கும்பல் கொலை? அதைச் செல்வச் செழிப்புள்ள காட்சிச்சாலை தாங்கிக் கொள்ள முடியவில்லை. தோக்கியோவிலும் இதே கதை. அங்கே சேர்க்கப்பட்ட நாகசாகிப் படங்கள், 1956 இல் பேரரசர் பார்வையிட வந்தபோது திரையிட்டு மூடப்பட்டன, பின்னர் எடுக்கவும்பட்டன. குடும்பப் படத்திலே, கொலையுண்ட பிள்ளைக்கு இடமில்லை போலும்!

1959 இல் மாஸ்கோவிலே அமெரிக்கா நடத்திய பொருட்காட்சியிலும் 'மனிதக் குடும்பம்' வைக்கப்பட்டது. ஒருநாள், அங்கே பயின்று வந்த நைசீரிய மாணவர் ஒருவர், சில படங்களைச் சுவரிலிருந்து கிழித்தெறிந்தார். வெள்ளையர்கள் உடையும் வளமும் அறிவும் உடையவராகக் காட்டப்படுகின்றனர். ஆப்பிரிக்கரும் ஆசியரும் அரையாடையும் வறுமையும் நோயுமாகக் காட்டப்படுகின்றனர் என்பது அவர் முறையீடு.

படத்தைக் கிழிப்பது நம் வழியன்று. படத்துக்குப் பதில் படம், கருத்துக்குப் பதில் கருத்து என்பதே அறிவியக்கத்தார் நெறி. ஆனால், கிழித்த கையைக் கண்டிப்பதோடு கடமை முடிந்ததென எண்ணுவோர், அந்தக் கண் கண்டதை ஏன் ஐந்நூறு படங்களைத் தேர்ந்தெடுத்த கண்கள் காணவில்லை என்பதற்கும் விடை கூற வேண்டும். தேர்ந்தோருக்குத் தீய எண்ணம் இருந்ததெனச் சொல்ல மாட்டோம். நல்லெண்ணமே இருந்தது. நல்லெண்ணம் உள்ளவர்களும், பழைய அச்சிலே வார்த்த பார்வையோடு பார்த்தால், பழைய படமே கிடைக்கும். எல்லோரும் ஒரு குடும்பம் என்றார்கள். சரி; அந்தக் குடும்பத்திலே தலைமகன் யார், தலைவாசலில் நிற்பவன் யார் என்பதையும் அறியாமலே காட்டிவிட்டார்கள்!

ஒரு தாய் திறந்து வைத்த பெட்டி

'மனிதக் குடும்பம்' நியூயார்க்கிலே முடிந்த சில திங்களில், 1955 ஆகஸ்டு 28 ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்திலே பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டான். ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட உடல் சிகாகோவுக்கு வந்தது. உருத் தெரியாமல் சிதைந்த முகம். மூடிப் புதைத்துவிடுங்கள் என்றனர். தாய் மேமி டில் மறுத்தார். பெட்டி திறந்தே இருக்கட்டும்; என் மகனுக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்று உறுதியாக நின்றார். பல்லாயிரவர் வரிசையிலே நின்று பார்த்தனர். கறுப்பின மக்களின் இதழான 'ஜெட்' படத்தை வெளியிட்டது. வெள்ளையரே நிறைந்த சான்றாயர் குழு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான ஆலோசனையிலே குற்றவாளிகளை விடுவித்தது. ஆனால், பார்த்த கண்கள் மறக்கவில்லை. அவ்வாண்டு இறுதியிலே மாண்ட்கமரி நகரிலே கிளர்ந்த பேருந்துப் புறக்கணிப்பும், அதைத் தொடர்ந்த உரிமைப் போரும், அந்தத் தலைமுறை கண்டதன் விளைவு. அந்தப் பெட்டி இன்று வாசிங்டன் நகரின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக் காட்சிச்சாலையிலே இருக்கிறது. கும்பல் கொலையை நாடு தழுவிய குற்றமாக்கும் சட்டம், அச்சிறுவன் பெயரோடு 2022 இல்தான் கையொப்பமாயிற்று.

ஐந்நூற்று மூன்று படங்கள் செய்ய மறந்ததை, ஒரு தாய் திறந்து வைத்த ஒரு பெட்டி செய்தது. எதனால்? காட்டியவர், பாதிக்கப்பட்டவர். காட்டியது, மறைக்கச் சொன்னதை. கேட்டது, இரக்கத்தை அல்ல, நீதியை.

நமக்கு என்ன பாடம்?

கடல் கடந்த கதையாயிற்றே, நமக்கென்ன என்று ஒதுங்கிடலாகாது. 1946 இல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு மனு அளிப்பதை அறிந்த அம்பேத்கர், அம்மனுவின் படியைக் கேட்டு டு பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதினார். டு பாய்சும் பரிவோடு விடை எழுதினார். பிறவியின் பேரால் தாழ்த்தப்பட்டோர், கடலின் இரு கரைகளிலிருந்தும் ஒருவரையொருவர் கண்டு கொண்ட செய்தி அது. உண்மையான பண்பாட்டுப் பரிமாற்றம் என்றால் அதுவன்றோ!

நம் பள்ளிகளிலே ஆண்டு விழா நடக்கிறது. 'பல நாட்டு மக்கள்' என்றொரு வேடிக்கை அணிவகுப்பு. ஆப்பிரிக்கர் என்றால், ஒரு பையனுக்குக் கரியைப் பூசி, இலையாடை கட்டி, கையிலே ஈட்டியைக் கொடுத்து விடுகிறார்கள். பெற்றோர் கைதட்டுகின்றனர். அவனுக்கு அன்றைக்குக் கிடைக்கும் பாடம், ஆகன்பெக் சீட்டு விற்றுக் கற்பித்த அதே பாடம். மலைவாழ் மக்கள் என்றாலும் இதே கோலந்தான். சிறகும் கூச்சலும் ஆட்டமும். அவர்கள் நிலத்தை இழந்த கணக்கு எந்த மேடையிலும் ஏறுவதில்லை. பிறர் நம்மை இழிவாகக் காட்டினால் குமுறுகிற நாம், நாம் பிறரைக் காட்டும் முறையைச் சோதித்துப் பார்த்தோமா?

படிப்பகங்களிலும் மன்றங்களிலும் பள்ளிகளிலும் கண்காட்சி அமைத்திட முனையும் இளைஞர்கட்கு நாம் சொல்வது இதுதான். எந்த மக்களைக் காட்டப் போகிறீர்களோ, அந்த மக்களிடம் முதலில் செல்லுங்கள். படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்களிடம் கொடுங்கள். படத்திலுள்ளவரின் பெயரை, அவர் இசைந்தால், படத்தின் கீழே எழுதுங்கள். ஆட்டத்தைக் காட்டினால், கூலியையும் காட்டுங்கள். விழாவைக் காட்டினால், அவ்விழாவிலே யாருக்கு இடமில்லை என்பதையும் காட்டுங்கள். தெரிந்த கணக்கைத் துணிந்து எழுதுங்கள். தெரியாத இடத்திலே, அட்லாண்டா மாணவர்களைப் போல, கேள்விக்குறி இடுங்கள். பெரிய மண்டபம் வேண்டியதில்லை. மாட்டுவதற்கு ஒரு சுவரும், மறைக்காத மனமும் போதும்.

வந்து பார்ப்போர், 'எவ்வளவு அழகு!' என்று சொல்லிவிட்டுப் போனால், பாதி வேலையே முடிந்தது. 'ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்டுக் கொண்டு போனால், முழு வேலையும் தொடங்கிற்று. அந்தக் கேள்வியைக் கிளப்பிடும் கண்காட்சிகளை ஊர்தோறும் அமைத்திடுவோம்.